புதிதாய் வந்தவருக்கு ஒரு வேடம்



மாலை வேளையில் கணிப்பொறியின் முன் அமர்ந்து, முகமறியாத பலரோடு சேர்ந்து கதையொன்றை ஆடிக்கொண்டிருக்கும் இளைஞர் இன்று பல இல்லங்களில் உண்டு. “என்னடா செய்கிறாய்?” என்று தகப்பனார் கேட்டால், “விளையாடுகிறேன்” என்று சுருக்கமாக விடை வரும். அது பந்து விளையாட்டைப் போன்றதன்று. நாடகத்துக்கும் விளையாட்டுக்கும் நடுவில் நிற்பது. ஒருவர் போர்வீரராகவும், ஒருவர் மருத்துவச்சியாகவும், மற்றொருவர் சத்திரக்காரராகவும் வேடம் ஏற்கின்றனர். அந்த வேடத்தின் வாயால் பேசி, அதன் கையால் செயல்பட்டு, முன்கூட்டி எழுதப்படாத ஒரு கதையைக் கூடி வளர்க்கின்றனர். ஏற்கெனவே நெடுநாள் பழகிய இத்தகைய கூட்டத்துக்குள் புதிதாக ஒருவர் நுழையும்போது என்ன நடக்கிறது என்பதைப் பற்றி இத்திங்கள் எழுத விரும்புகிறேன். சிறிய பொருள் போலத் தோன்றும். ஆயினும் அதில் சிலருடைய வாழ்வே அடங்கியிருந்ததைப் பின்னால் காண்பீர்கள்.

இவ்விளையாட்டின் வேர், மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடிய ஓர் ஆட்டத்தில் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டம் வெளிவந்தது. நான்கைந்து பேர் ஓர் அறையில் கூடுவர். ஒருவர் கதையை நடத்த, மற்றவர் தத்தம் பாத்திரமாய்ப் பேசுவர். 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்னும் மாணவர்கள், பலர் ஒரே நேரத்தில் உலவக்கூடிய கற்பனை உலகம் ஒன்றைக் கணிப்பொறிக்குள் அமைத்தனர். ‘மட்’ என்று அதற்குப் பெயர். படம் ஏதும் கிடையாது. எல்லாம் எழுத்து மட்டுமே. இன்றைய பெரிய இணைய விளையாட்டுகள் பலவும் அதன் வழித்தோன்றல்களே.

மேசையிலிருந்து திரைக்கு வந்ததில் ஒன்று கைநழுவிப் போயிற்று. மேசையைச் சுற்றி அமர்ந்த நாளில், புதியவர் திருதிருவென விழித்தால் பக்கத்தில் இருப்பவர் கண்டுகொள்வார். “பயப்படாதே, உன் முறை வரும்போது சொல்லுகிறேன்” என்று தோளைத் தட்டுவார். திரைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் விழிப்பதை யார் காண்பது? அவர் ஒரு வரி எழுதத் தொடங்கி அழிப்பதும், மீண்டும் தொடங்கி மீண்டும் அழிப்பதும் எவர் கண்ணிலும் படுவதில்லை. எழுந்து போய்விட்டாலோ, கதவு சாத்தும் ஓசைகூடக் கேட்பதில்லை. “புதியவர்கள் வருகிறார்கள், ஏனோ நிலைப்பதில்லை” என்று இக்கூட்டங்களின் பழைய உறுப்பினர் அங்கலாய்ப்பதுண்டு. இந்த ‘ஏனோ’வுக்கு உரிய விடை பெரும்பாலும் முதல் நாள் மாலையிலேயே கிடைத்துவிடுகிறது, அவர்கள்தாம் அதைக் கவனிப்பதில்லை.

அந்த மாலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். 2004-இல் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் விளையாட்டில் வேடமேற்று ஆடுவோருக்கென்றே சில சர்வர்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஐரோப்பாவில் ‘ஆர்ஜென்ட் டான்’ என்பது அவற்றுள் பெயர் பெற்ற ஒன்று. அங்கே ஒரு சத்திரத்துக்குள் புதியவர் நுழைகிறார். பத்துப் பேர் மேசைகளில் அமர்ந்து உரையாடிக்கொண்டிருக்கின்றனர். ஒருவர் இன்னொருவருடைய இறந்துபோன சகோதரனைப் பற்றிப் பேசுகிறார். மற்றொருவர் மூன்று மாதங்களுக்கு முன் நடந்த சண்டையைச் சொல்லிச் சிரிக்கிறார். புதியவர் வணக்கம் சொல்கிறார். இருவர் பதில் வணக்கம் சொல்கின்றனர். அதன்பின் பழைய பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. எவரும் அவரைப் பழிக்கவில்லை, எவரும் விரட்டவில்லை. முக்கால் மணி நேரம் நின்றிருந்துவிட்டு அவர் போய்விடுகிறார், மறுநாள் வருவதில்லை.

நம் வீடுகளில் புது மருமகளை வைத்து இதனை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். “உட்காரம்மா, சாப்பிடம்மா” என்று ஆறு மாதம் உபசரித்துக்கொண்டே இருந்தால் அவள் ஆறு மாதமும் விருந்தாளிதான். என்றைக்கு மாமியார், “குழம்பை நீ பார்த்துக்கொள், நான் கடைக்குப் போய் வருகிறேன்” என்று அகப்பையை அவள் கையில் கொடுக்கிறாரோ, அன்றைக்குத்தான் அவள் அந்த வீட்டுக்காரி ஆகிறாள். குழம்பில் உப்புச் சற்றுக் கூடலாம், அதனால் பாதகமில்லை. வேடமேற்று ஆடும் கூட்டத்திலும் அப்படித்தான். ‘வாருங்கள்’ என்பது வாசற்படி வரைக்கும் போதும். உள்ளே வந்தவருக்குக் கதையில் ஒரு வேலை வேண்டும்.

நார்வே நாட்டைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் என்னும் இளைஞரின் வரலாறு இதனை நன்றாக விளக்குகிறது. 2024-இல் வெளிவந்த ஓர் ஆவணப் படத்தின் வாயிலாக உலகெங்கும் பலர் அறிந்த வரலாறு அது. மாட்ஸ் 1989-இல் பிறந்தவர். தசைகள் படிப்படியாக வலுவிழந்துபோகும் டூஷென் என்னும் பிறவி நோய் அவருக்கு இருந்தது. சிறுவயதிலேயே சக்கர நாற்காலியை நாட வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் விரல்களை மட்டுமே சிறிது அசைக்க முடிந்தது. 2014-ஆம் ஆண்டு நவம்பரில், தம் 25-ஆம் வயதில் அவர் காலமானார். மகன் நண்பரின்றித் தனிமையில் கணிப்பொறியோடு காலங்கழித்துப் போய்விட்டான் என்றே பெற்றோர் வருந்தினர். அவர் எழுதிவந்த இணையப் பக்கத்தில் மரணச் செய்தியை அவர்கள் வெளியிட்டபோது, பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் ‘ஸ்டார்லைட்’ என்னும் குழுவில் அவர் ‘இபெலின்’ என்ற பெயரில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்திருந்தார். அக்குழுவினரில் சிலர் கடல் கடந்து வந்து அடக்கச் சடங்கில் பங்குகொண்டனர். அவர்களைப் பெற்றோர் அதற்குமுன் அறிந்ததே இல்லை.

இது எப்படித் தொடங்கியது? நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு பெண் பின்னாளில் அதனை நினைவுகூர்ந்தார். விளையாட்டினுள் கோல்ட்ஷையர் என்றொரு சிற்றூர். அங்கே மூட்டிய தீயைச் சுற்றிச் சிலர் அமர்ந்திருந்தனர். அவர்களுள் இபெலினும் ஒருவர். அந்தப் பெண்ணின் பாத்திரம் புதரிலிருந்து பாய்ந்து வந்து இபெலினுடைய தொப்பியைப் பறித்தது. இருவரும் ஒரு கணம் ஒருவரை ஒருவர் பார்த்தனர். அடுத்த நொடியில் அவள் தொப்பியோடு ஓட்டம் பிடித்தாள். அவ்வளவே. நல்வரவு என்ற பேச்சில்லை. உன் ஊர் எது, வயதென்ன என்ற விசாரணையும் இல்லை. ஆனால் இபெலினுக்குச் செய்வதற்கு ஒன்று கிடைத்துவிட்டது: தொப்பிக்குச் சொந்தக்காரன் துரத்த வேண்டும் அல்லவா? நிஜத்தில் எழுந்து நிற்கவே இயலாத இளைஞனை ஒரு சிறுமியின் குறும்பு ஓடச் செய்தது. அந்தக் குறும்பைப் பல நூறு வரவேற்புரைகளுக்கு மேலாக நான் மதிக்கிறேன்.

நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வதும் இத்தகைய தொண்டே. பாத்திரம் திரைக்குப் பின்னால் வந்து நிற்கும். கட்டியங்காரன், “யாரய்யா நீர்? எந்த நாட்டு ராஜா? இங்கே வந்த காரியம் என்ன?” என்று கேட்பான். அவனுக்கு விடை தெரியாதா? தெரியும். வந்தவர் வாய் திறக்க வழி செய்வதற்காகவே கேட்கிறான். இணையக் கூட்டத்திலும் பழகிய ஆட்டக்காரர் ஒருவர் இந்தப் பணியை மேற்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்துபோகும். கேள்வியில் மட்டும் சிறிது கவனம் வேண்டும். “உன் பாத்திரத்தின் வரலாற்றைச் சொல்” என்றால் புதியவர் திணறுவார். “உன் மேலங்கி நனைந்திருக்கிறதே, ஆற்றைக் கடந்தா வந்தாய்? அக்கரையில் படைவீரர் எவரையேனும் கண்டாயா?” என்றால், அவர் ஆம் என்றாலும் கதை நகரும், இல்லை என்றாலும் கதை நகரும். அவர் தம் அறியாமையை வெளிக்காட்ட வேண்டிய தேவையும் இராது.

இதைவிடச் சிறந்தது, அவர் கையில் ஒரு பொருளைக் கொடுத்துவிடுவது. முத்திரையிட்ட கடிதம் ஒன்று. இன்னாரிடம் சேர்க்க வேண்டும். கடிதத்தைச் சுமப்பவரை எவரும் புறக்கணிக்க இயலாது. பெறுபவர் அவரிடம் பேசியே தீர வேண்டும். அதில் எழுதியிருப்பதை அறிய விரும்பும் வேறொருவர் வழிமறித்துப் பேசுவார். ஒரே மாலையில் மூவரோடு அவருக்குப் பழக்கம் உண்டாகிவிடும். இந்தப் பணியைப் பொய்யான பணியாக மட்டும் வைக்கக் கூடாது. கடிதம் சேர்ந்தாலும் ஒன்றுதான், சேராவிட்டாலும் ஒன்றுதான் என்றால் புதியவர் இரண்டாம் நாளே அதைக் கண்டுகொள்வார். அவர் தாமதித்தால் கோட்டைக் கதவு திறவாமல் கிடக்க வேண்டும்.

பல கூட்டங்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கின்றன. தங்கள் கற்பனை நாட்டின் வம்சாவளி, போர்கள், சட்டங்கள் முதலியவற்றை நீண்ட ஏடாக எழுதி வைத்து, “இதனை முழுவதும் வாசித்துவிட்டு வாரும்” என்கின்றன. எழுதியவர்களின் உழைப்பைக் குறைகூறவில்லை. ஆனால் ஒரு நாட்டுக்குள் நுழைபவன் அதன் சரித்திரத்தைப் படித்துத் தேறிய பிறகா கடைத்தெருவில் காய்கறி வாங்குகிறான்? தொலைதூரக் கிராமத்திலிருந்து வந்தவன் என்று பாத்திரத்தை அமைத்துக்கொள்ளச் சொன்னால் போதும். ஆட்டக்காரருக்குத் தெரியாதது பாத்திரத்துக்கும் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்வதே கதையாகிவிடும். முதல் நாளில் அவர் அறிய வேண்டியவை சில விதிகளே. பிறருடைய பாத்திரம் என்ன செய்தது என்று தாம் முடிவு கட்டக் கூடாது. ‘வாளை வீசினேன்’ என்று எழுதலாம். ‘அவன் தலை உருண்டது’ என்று எழுதுவது அவனை ஆடுபவருக்கே உரியது. வேடத்துக்குப் புறம்பாகத் தம் சொந்தப் பேச்சைப் பேசும்போது இரட்டை அடைப்புக் குறிக்குள் எழுதுவது இக்கூட்டங்களில் பரவிய வழக்கம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

புதியவர் தவறுவார். தவறும்போது சபை நடுவே திருத்துகிறவர்களைக் கண்டு நான் வியப்பதுண்டு. திருத்தியவருக்கு அறிவாளி என்ற பெயர் கிடைக்கிறது. கூட்டத்துக்கு ஓர் ஆள் குறைகிறது. தனிச் செய்தியில் இரண்டு வரி எழுதினால் வேலை முடிந்தது. அதனினும் அழகு, தவறைக் கதைக்குள்ளேயே இழுத்துக்கொள்வது. அரசரை அறியாமல், “என்னப்பா, இங்கே அறை காலியா?” என்று புதியவர் கேட்டுவிட்டார் என்று கொள்வோம். அரசர் வேடம் பூண்டவர் வாய்விட்டுச் சிரித்து, “நெடுநாளைக்குப் பின் ஒருவன் என்னை மனிதனாய்ப் பேசினான்” என்று சொல்லி அவருக்குத் தம் பக்கத்தில் இடம் கொடுத்தால், அந்த அரசரை அவர் மறப்பாரா?

இதற்குப் பழையவர்கள் தர வேண்டிய விலை ஒன்று உண்டு. பேச்சு இங்கேதான் கசக்கிறது. கதையின் நடுவிடத்தைச் சிறிது நேரமாவது விட்டுக்கொடுக்க வேண்டும். ஐந்தாண்டு வளர்த்த பாத்திரம், அதன் காதல், அதன் பகை எல்லாம் அவர்களுக்கு அருமையானவை. நேற்று வந்தவருக்காக ஒதுங்கி நிற்க மனம் வராது. பரிசுகளை அள்ளிக் கொடுக்க ஆயத்தமாய் இருப்பார்கள். விளையாட்டுப் பொற்காசும் வாளும் கவசமும் தருவார்கள். பேச்சின் முறையை மட்டும் தரமாட்டார்கள். பொற்காசு தருபவர் கையில் அது ஏற்கெனவே மிகுதியாக இருக்கிறது. முறை அப்படியன்று, ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

விளையாட்டை ஆக்கும் நிறுவனங்களும் தம்மால் இயன்றதைச் செய்கின்றன. ‘ஃபைனல் ஃபேன்டசி 14’ என்னும் ஜப்பானிய விளையாட்டில் புதியவர் பெயரின் அருகில் சிறு முளைவிட்ட செடியின் குறி காணப்படும். ஒரு குகைப் போரில் முதன்முறையாக வருபவர் குழுவில் இருந்தால், உடன் வந்த அனைவருக்கும் கூடுதல் வெகுமதி உண்டு. ‘அறியாதவன் வந்தான், காரியம் கெட்டது’ என்று முகம் சுளிப்பதற்கு மாறாக, ‘புதியவன் வந்தான், நல்லது’ என்று எண்ண வைக்கும் ஏற்பாடு. நல்ல யோசனையே. ஐஸ்லாந்து நாட்டில் உருவாகி 2003-இல் வெளிவந்த ‘ஈவ் ஆன்லைன்’ என்னும் விண்வெளி விளையாட்டு, கற்பதற்குக் கடினமானது. ஏமாற்றுவோருக்கும் பெயர் போனது. அங்கே ஆட்டக்காரர்களே 2004-இல் ‘ஈவ் யூனிவர்சிட்டி’ என்று ஒரு பள்ளியை அமைத்துப் புதியவர்களுக்கு வகுப்பு நடத்திவந்தனர். இவை விளையாடக் கற்றுத்தரும். ஆயினும் ஒரு கதையில் இடம் தருவதை எந்தக் குறியும் செய்யாது. பக்கத்தில் இருப்பவர்தாம் செய்ய வேண்டும்.

வருகிறவர் எல்லாரும் ஒரே நோக்கத்தோடு வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு குறிப்பிட்ட பார்ட்டில், 1996-இல் வெளியான ஒரு கட்டுரையில் ஆட்டக்காரரை நால்வகையாகப் பிரித்தார்: வெற்றிகளைச் சேர்ப்போர், உலகைச் சுற்றி ஆராய்வோர், கூடிப் பேசி மகிழ்வோர், பிறரை வீழ்த்தி மகிழ்வோர். மூன்றாம் வகையினர் சத்திரத்தில் மகிழ்வர். இரண்டாம் வகையினரை அங்கே இருத்தினால் கொட்டாவி விடுவர். அவர்களிடம் கிழிந்த வரைபடம் ஒன்றைக் கொடுத்து அனுப்புவதே முறை. நான்காம் வகையினர் பெருகினால் மூன்றாம் வகையினர் ஓடிவிடுவர் என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஆகையால் எல்லாரையும் வரவேற்கிறோம் என்பதும் சில வேளைகளில் பொறுப்பற்ற பேச்சாகிவிடும்.

இங்கே பெற்றோருக்குச் சில சொற்கள். உங்கள் மகனோ மகளோ சேரும் கூட்டத்தில் வளர்ந்தவர்களும் இருப்பார்கள். நல்ல கூட்டம் வயதைக் கேட்கும்; பெரியவர்க்குரிய கதைகளிலிருந்து சிறுவரை விலக்கி வைக்கும்; முறையிடுவதற்குப் பொறுப்பாளர் இன்னார் என்று சொல்லும். புதிதாய் வந்த பிள்ளையை மட்டும் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனி உரையாடலுக்கு இழுப்பவர், படம் கேட்பவர், “வீட்டில் சொல்லாதே” என்பவர் எவராயினும், அவருடைய அன்பான பேச்சை நம்ப வேண்டாம். தயங்காமல் தொடர்பை அறுத்துவிடச் சொல்லுங்கள். அதே வேளையில், ஒருவர் குரலில் பேச மறுப்பதாலோ முகம் காட்டாததாலோ அவரைத் தீயவர் என்று முடிவு கட்டவும் வேண்டாம். மாட்ஸ் ஆண்டுக்கணக்காகக் குரல் உரையாடலில் சேர மறுத்தார். நேரில் சந்திக்கவும் இசையவில்லை. தம் நோயை அவர் வெளியிட்டது வாழ்வின் கடைசிக் காலத்தில்தான். குழுவினர் முன்பே வற்புறுத்தியிருந்தால் ஒருவேளை அவர் விலகிப் போயிருப்பார். அவரும் குறையற்றவர் அல்லர். சிலருடைய மனத்தைப் புண்படுத்திப் பின் மன்னிப்புக் கேட்டதும் உண்டு. ஆயினும் அவருக்கு அங்கே இடம் இருந்தது.

இடம் பெற்றவர் பிறருக்கு இடம் தேடினார் என்பதே அந்த வரலாற்றில் என்னைக் கவர்ந்த பகுதி. தொப்பியைப் பறித்த அந்த நெதர்லாந்துப் பெண், படிப்புக் குறைந்ததென்று பெற்றோரால் விளையாட்டிலிருந்து தடுக்கப்பட்டாள். மாட்ஸ் அவளுடைய பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதி, அந்தத் தோழமை அவளுக்கு எவ்வளவு பொருளுடையது என்று மரியாதையோடு எடுத்துரைத்தார். டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு தாயும் ‘ஸ்டார்லைட்’ குழுவில் இருந்தார். அவருடைய மகன் ஆட்டிசம் உள்ளவன், அறைக்குள்ளேயே ஒடுங்கியிருந்தான், பிறர் தொடுவது அவனுக்குத் தாங்க இயலாதது. தாயும் மகனும் சேர்ந்தே விளையாடிப் பார்க்கலாமே என்று மாட்ஸ் யோசனை கூறினார். மகனும் புதியவனாய் உள்ளே வந்தான். அந்தக் கற்பனை நாட்டில் அவனுடைய பாத்திரமும் தாயின் பாத்திரமும் ஒரு நாள் ஒருவரை ஒருவர் கட்டித் தழுவின. திரையின் முன் அமர்ந்திருந்த தாய்க்கு, நெடுநாளைக்குப் பின் மகன் தந்த அரவணைப்பு அது.